பழைய காரில் கன்வெர்ட்டரைக் கழற்றும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்

நீங்கள் கேட்டது இதுதான்: 30 வயதை நெருங்கும் பெட்ரோல் கார், ஆரம்பகால ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். மேடு ஏறும்போது பிக்கப் இல்லை. ஐடிலில் லேசாக மிஸ்ஸிங். பின்னாலிருந்து அழுகிய முட்டை வாடை. புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் இரண்டுமே அளவைத் தாண்டிவிட்டன. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் வைத்துவிடலாம், எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை மறுபடி என்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வையும் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

வேண்டாம். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்படிச் செய்தால் உங்கள் கார் சரியாகாது என்பதுதான் முக்கியம். கன்வெர்ட்டருக்குள் அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. அது தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். என்ஜின் பக்கம் ஏதோ ஒன்று கெட்டுத்தான் அதைக் கொன்றிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் கன்வெர்ட்டரைத் தூக்கி எறிவது எய்தவன் இருக்க அம்பை நோவதுதான். புதிது வாங்கிப் போட்டாலும் கொஞ்ச நாளில் அதற்கும் அதே கதி வரும்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உள்ளே தேன்கூடு போலத் துளைகள் உள்ள பீங்கான் கட்டி இருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 400 துளைகள் என்பது சாதாரணம். துளைச் சுவர்களில் சொரசொரப்பான அலுமினாப் பூச்சு, அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக நுண்ணிய துகள்களாக இருக்கும். பிளாட்டினமும் பல்லேடியமும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் எரித்து முடிக்கும். ரோடியம் நைட்ரஜன் ஆக்சைடைப் பிரித்துச் சாதாரண நைட்ரஜனாக்கும். இந்த இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால் காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7-க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். பெட்டியும் 250, 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகியிருக்க வேண்டும். அதுவரை அது வெறும் பெட்டிதான்.

இதைக் கொல்லும் வழிகள் நான்கு. ஒன்று, அளவுக்கு மீறிய சூடு. ஒரு சிலிண்டரில் மிஸ்ஸிங் அடித்தால் அதில் போன பெட்ரோலும் காற்றும் எரியாமல் அப்படியே வெளியே வந்து கன்வெர்ட்டருக்குள் எரியும். சூடு 900, 1,000 டிகிரிக்குப் போனாலே உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வேலை செய்யும் பரப்பு குறைந்துவிடும். 1,400-ஐத் தாண்டினால் பீங்கானே உருகித் துளைகள் மூடிக்கொள்ளும். இரண்டு, என்ஜின் ஆயில். தேய்ந்த ரிங், காய்ந்த வால்வு சீல் வழியாக ஆயில் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் கண்ணாடிப் படலமாகப் படியும். மூன்று, சிலிக்கன். கேஸ்கட் ஒட்டுவதற்குக் கிடைத்த சிலிக்கோன் பசையை எல்லா இடத்திலும் தடவுகிறார்கள். சென்சாருக்கு ஆகும் என்று குறிப்பிடாத பசையிலிருந்து வரும் ஆவி, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும், கன்வெர்ட்டரையும் கெடுக்கும். ஹெட் கேஸ்கட் கசிந்து கூலன்ட் எரிந்தாலும் இதே பாதிப்பு வரலாம். நான்கு, ஈயம். ஈயம் கலந்த பெட்ரோல் உலகத்தில் கடைசியாக நின்றது 2021-இல், அல்ஜீரியாவில். இன்று சாலையில் ஓடும் கார்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் ஆக்டேன் கூட்டும் திரவங்களை டேங்கில் ஊற்றுபவர்கள் அதில் என்ன உலோகம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஊற்றட்டும்.

உங்கள் காரைப் பொறுத்தவரை அந்த முட்டை வாடையே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. பெட்ரோலில் இருக்கும் கொஞ்சம் கந்தகம், கலவையில் பெட்ரோல் அதிகமாகி ஆக்சிஜன் போதாமல் போகும்போது கன்வெர்ட்டருக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறுகிறது. அந்த வாயுவின் வாடைதான் உங்களுக்கு வருகிறது. கார்பன் மோனாக்சைடு அதிகம் என்ற சோதனை முடிவும் இதோடு பொருந்துகிறது. ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறி கார்பன் மோனாக்சைடு குறைவாக இருந்திருந்தால் ப்ளக், ஒயர் பக்கம்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன். இரண்டும் சேர்ந்து ஏறியிருப்பதால், உங்கள் என்ஜின் தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கிறது, அதைச் சுத்தம் செய்ய வேண்டிய கன்வெர்ட்டரும் முடியாமல் திணறுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அதனால் எங்கிருந்து பெட்ரோல் கூடுகிறது என்று தேடுங்கள். முதலில், பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர். அதிலிருந்து, காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு ஒரு மெல்லிய வேக்குவம் ஹோஸ் போகும். அதைக் கழற்றி நுனியைப் பாருங்கள். உள்ளே ஈரமாகப் பெட்ரோல் தெரிந்தாலோ, வாடை பலமாக அடித்தாலோ ரெகுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. பெட்ரோல் இன்ஜெக்டரைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே போகிறது. இரண்டு நிமிட வேலை, பல பேர் பார்ப்பதே இல்லை. அடுத்து, கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட். அது திறந்தபடி மாட்டிக்கொண்டால் என்ஜின் சூடே ஆகாது. இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் தப்பாகச் சொன்னாலும் இதே விளைவுதான். டேஷ்போர்டில் முள் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று கவனியுங்கள். ஆனால் பல கார்களில் முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறு சென்சார் என்பதையும் மறக்க வேண்டாம்.

கரி டப்பாவையும் இங்கேயே பார்த்துவிடலாம். டேங்கிலிருந்து கிளம்பும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைத்து, கார் ஓடும்போது என்ஜினுக்குக் கொடுக்கும் டப்பா அது. அதன் பர்ஜ் வால்வு திறந்தபடி நின்றுவிட்டால் ஐடிலிலும் ஆவி உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஐடிலில் அந்த ஹோஸை விரலால் நசுக்கிப் பிடியுங்கள். மிஸ்ஸிங் நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டது. டேங்கை வாய் வரை நிரப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கரிக்குள் திரவப் பெட்ரோல் இறங்கினால் அது அப்புறம் உதவாது.

பி.சி.வி. வால்வைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். இவ்வளவு சின்னப் பாகம் இவ்வளவு தொல்லை தருவது வேறு எதிலும் இல்லை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கும். ஒரு காலத்தில் அதை ஒரு குழாய் வழியாகத் தெருவில் விட்டுவிடுவார்கள். அதை மறுபடி இன்டேக்குக்கே இழுத்து எரிக்கும் இந்த வால்வு 1961-இல் கலிஃபோர்னியாவில் விற்ற கார்களில் வந்தது; மாசுக் கட்டுப்பாட்டுக்கென்று கார்களில் பரவலாக வந்த முதல் பாகம் என்றே சொல்லலாம். இது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கிராங்க் சீல், வால்வு கவர் கேஸ்கட் என்று பலவீனமான இடமெல்லாம் ஆயில் கசியும். சீலை மாற்றி மாற்றிப் பணம் செலவழிப்பார்கள், வால்வைப் பார்க்க மாட்டார்கள். திறந்தபடி நின்றால் ஐடில் தாறுமாறாகும், ஆயிலும் உறிஞ்சப்படும்.

சோதிப்பது சுலபம். என்ஜின் ஐடிலில் ஓடும்போது வால்வை அதன் ரப்பர் வளையத்திலிருந்து உருவி, வாயைக் கட்டைவிரலால் மூடுங்கள். விரலைப் பிடித்து இழுக்க வேண்டும், ஐடில் ஒரு துளி இறங்க வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டுக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லை என்றால் பிசின் பிடித்துவிட்டது. அப்புறம் இன்னொரு நுணுக்கம்: பல நாளாகப் பெட்ரோல் அதிகம் குடித்த என்ஜினில் ஆயிலோடும் பெட்ரோல் கலந்திருக்கும். டிப் ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும். சூடானதும் அந்தப் பெட்ரோல் ஆவியாகி பி.சி.வி. வழியாக உள்ளே வந்து கார்பன் மோனாக்சைடை ஏற்றும். மற்ற எல்லாவற்றையும் சரிசெய்தும் அளவு இறங்காத கார், ஆயிலை மாற்றியதும் தேறிவிடுவது உண்டு.

அடுத்தது வேக்குவம் ஹோஸ்கள். இந்த வயதில் ரப்பர் கட்டை மாதிரி விறைத்து, நுனியில் வெடித்திருக்கும். பானட்டின் அடிப்பக்கம் ஹோஸ் வரைபடம் ஒட்டியிருந்தால் முதலில் அதைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு ஹோஸைக் கழற்றி அதையே மாற்றிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடுங்கினால் திரும்ப மாட்டுவது பெரும்பாடு. கசிவைக் கண்டுபிடிக்கக் கார்ப் கிளீனர் தெளிக்கும் பழக்கம் உண்டு; சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்) பக்கத்தில் இருக்கும்போது அது தீயில் முடியலாம், அதனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். சோப்புத் தண்ணீரும் காதில் வைத்த ரப்பர் குழாயும் போதும்.

இப்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. வார்ப்பிரும்பு பல ஆயிரம் தடவை சூடாகிக் குளிர்ந்து, கிளைகள் சேரும் மூலையில் விரிசல் விடும். அல்லது ஓரத்து ஸ்டட் ஒடிந்து கேஸ்கட் ஊதும். அடையாளம், காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் டிக் டிக் சத்தம். இரும்பு சூடாகி விரிந்ததும் சந்து மூடிக்கொண்டு சத்தம் அடங்கிவிடும், வால்வுச் சத்தம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கசிவு இருக்கும் இடத்தில் கறுப்பாகப் புகைக்கோடு படிந்திருக்கும். உறுதி செய்ய ஒரு நல்ல வழி: என்ஜின் குளிர்ந்து நிற்கும்போது, ஊதும் வசதியுள்ள வேக்குவம் கிளீனரின் குழாயைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிச் செருகி ஊதவிடுங்கள். மேனிஃபோல்டு, கேஸ்கட், குழாய் இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். கசிவு இருக்கும் இடத்தில் குமிழ் கொத்துக் கொத்தாக வரும்.

இந்தக் கசிவு வெறும் சத்தப் பிரச்சினை இல்லை. வாயு ஒரே சீராக வெளியேறுவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் அழுத்தம் குறையும்போது விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். கொஞ்சம் தள்ளி இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து, கலவையில் பெட்ரோல் குறைவு என்று தவறாகச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். ஆக, மேனிஃபோல்டில் ஒரு மயிரிழை விரிசல், கடைசியில் கன்வெர்ட்டரைக் காவு வாங்கிவிடும். சென்சாரை மட்டும் மாற்றினால் புதுச் சென்சாரும் அதே பொய்யைத்தான் சொல்லும்.

சென்சாரைச் சோதிக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். உங்கள் கார் காலத்துக் கார்களில் இருப்பது பெரும்பாலும் ஜிர்கோனியா வகை. 300 டிகிரிக்கு மேல் சூடான பிறகுதான் வேலை செய்யும். 2,500 ஆர்.பி.எம்.-இல் பிடித்தால் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் விடாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரு வேக்குவம் ஹோஸைச் சட்டென்று கழற்றினால் உடனே கீழே விழ வேண்டும். ஆடி அசைந்து மெதுவாக நகர்ந்தால் அதற்கு வயதாகிவிட்டது. மேலேயே நின்றால் சென்சாரைத் திட்டாதீர்கள், உண்மையிலேயே பெட்ரோல் கூடியிருக்கலாம்.

இனி இ.ஜி.ஆர். இதை அடைக்கச் சொல்பவர்கள், எக்ஸாஸ்ட் புகையை மறுபடி உள்ளே விட்டால் என்ஜினுக்கு மூச்சு முட்டாதா என்று கேட்பார்கள். அது ஐடிலிலும் முழு ஆக்சிலரேட்டரிலும் மூடித்தான் இருக்கும். நடு வேகத்தில் சீராகப் போகும்போது மட்டும் திறந்து, பெரும்பாலும் 5 முதல் 15 சதவீதம் வரை எக்ஸாஸ்ட் வாயுவைச் சேர்க்கும். அந்த வாயு எரியாது, சூட்டை வாங்கிக்கொள்ளும். எரியும் இடத்தில் சூடு 1,400 டிகிரியைத் தாண்டத் தாண்டக் காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடு வேகமாக உண்டாகும். அதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. முக்கியமான விஷயம், உங்கள் காரின் இக்னிஷன் டைமிங்கே, அதாவது ப்ளக் பொறி விடும் நேரமே, இந்த வால்வு வேலை செய்யும் என்ற கணக்கில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அடைத்துவிட்டால் நடு வேகத்தில் டைமிங் அளவுக்கு மீறி முன்னால் போனதுபோலாகி நாக்கிங் (என்ஜினுக்குள் தட்டும் சத்தம்) வரும். பிஸ்டனுக்கு அது நல்லதல்ல. இன்னொன்று, சில இ.ஜி.ஆர். வால்வுகள் எக்ஸாஸ்ட் அழுத்தத்தை வைத்துத்தான் திறக்கும். கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் நேர்க்குழாய் வைத்தால் அந்த அழுத்தம் குறைந்து, நீங்கள் அடைக்காமலேயே அந்த வால்வு ஒழுங்காகத் திறக்காமல் போகலாம்.

அது வேலை செய்கிறதா என்று பார்க்க, என்ஜின் ஐடிலில் ஓடும்போது கைப் பம்ப்பால் வேக்குவம் கொடுங்கள். என்ஜின் தடுமாற வேண்டும், அல்லது நின்றுபோக வேண்டும். டயஃப்ரம் தூக்கியும் என்ஜினில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் வால்வு நன்றாக இருக்கிறது, வழிதான் கரியால் அடைத்திருக்கிறது; கழற்றிச் சுரண்டினால் சரியாகும். வேக்குவம் நிற்காமல் இறங்கிவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், ஆனால் இப்போது சொன்ன அழுத்தத்தில் திறக்கும் வகையில் ஐடிலில் அப்படித்தான் இருக்கும். கழற்றிய பிறகு வால்வின் ஊசி உட்காரும் இடத்தில் ஒரு துணுக்குக் கரி சிக்கியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். அதுவே ஐடில் மிஸ்ஸிங்குக்குப் போதுமான காரணம்.

எக்ஸாஸ்டுக்குள் கூடுதல் காற்றை விடும் ஏர் பம்ப் அல்லது பல்ஸ் ஏர் உள்ள காராக இருந்தால், எக்ஸாஸ்ட் பக்கம் போகும் அதன் ரப்பர் ஹோஸை மட்டும் தொட்டுப் பாருங்கள். வெந்து உருகியிருந்தால் ஒருவழி வால்வு போய்விட்டது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் கன்வெர்ட்டருக்கு வர வேண்டும். மேட்டில் பிக்கப் இல்லை என்கிறீர்கள், அடைப்பு இருக்கலாம். இன்டேக்கில் வேக்குவம் கேஜ் மாட்டுங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய இடத்தில் நல்ல என்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும். உயரமான இடத்தில் ஆயிரம் அடிக்குச் சுமார் ஓர் அங்குலம் குறையும். 2,500 ஆர்.பி.எம்.-இல் பிடித்து வையுங்கள். முள் முதலில் அசைந்துவிட்டு நிலைத்தால் சரி. மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் வாயு வெளியேற வழியில்லை. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டலாம். ஐடிலில் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்குள்ளும், 2,500-இல் 3 பி.எஸ்.ஐ.க்குள்ளும் இருக்க வேண்டும். கார் குளிர்ந்த பிறகு ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரைத் தட்டியும் பாருங்கள். உள்ளே கலகலவென்றால் பீங்கான் நொறுங்கிவிட்டது. அந்தத் துண்டுகள் பின்னால் போய்ச் சைலன்சரை அடைத்திருக்கவும் கூடும். அப்போது மாற்றத்தான் வேண்டும், ஆனால் காரணத்தைச் சரிசெய்த பிறகு.

என்ஜினுக்கு எதிரழுத்தம் (வெளியேறும் வாயுவைத் தடுக்கும் அழுத்தம்) தேவை, இல்லாவிட்டால் இழுவை போய்விடும் என்றும் சொல்வார்கள். எதிரழுத்தத்தால் எந்த நன்மையும் இல்லை. வாயு வேகமாக நகர வேண்டும், அதுதான் தேவை. குழாயைத் தேவைக்கு மேல் அகலமாக்கினால் அந்த வேகம் குறைந்து, கீழ் ஆர்.பி.எம்.-இல் இழுவை போகும். நேர்க்குழாய் வைத்த பல கார்கள் சத்தத்தில்தான் வேகமாகப் போகின்றன.

சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். சின்னச் சின்னத் தூரம் ஓட்டினால் அது ஆவியாகாமல் பின்பக்கப் பெட்டியில் தங்கி உள்ளிருந்து அரிக்கும். அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். ஓட்டை என்று நினைத்து அதை வெல்டு வைத்து மூடிவிடாதீர்கள்.

ஆனால் காரின் அடியில் குழாயில் கசிவு இருந்தால் இன்றே கவனியுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தரையில் துருவேறிய ஓட்டை, காய்ந்துபோன டிக்கி ரப்பர் வழியாக அது உள்ளே வரும். நீண்ட தூரம் ஓட்டும்போது தலைவலியும் குமட்டலும் வந்து, இறங்கி நடந்தால் சரியாகிறதென்றால் கசிவை அடைக்கும் வரை அந்தக் காரில் யாரையும் ஏற்றாதீர்கள்.

பாகங்களை மாற்றும்போது மேனிஃபோல்டு ஸ்டட்டில் பொறுமை வேண்டும். முதல் நாளே துரு இளக்கும் ஆயிலை விட்டு ஊறவையுங்கள். நட்டு அசைந்ததும் ஒரே மூச்சில் திருகாமல், கொஞ்சம் பின்னால் கொஞ்சம் முன்னால் என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். ஒடிந்த ஸ்டட்டை ஹெட்டிலிருந்து துளைத்து எடுப்பது அரை நாள் வேலை. திரும்பப் பூட்டும்போது செம்புப் பூச்சு நட்டு போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு முறுக்குங்கள்.

எல்லாம் முடிந்து மறுபடி சோதனைக்குப் போகும் நாளில் குளிர்ந்த காரை நேராகக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். 20 நிமிடமாவது சாலையில் ஓட்டிவிட்டுப் போங்கள். வரிசையில் வெகுநேரம் ஐடிலில் நிற்க வேண்டியிருந்தால் பழைய கன்வெர்ட்டர் சூடு இறங்கி வேலையை நிறுத்திவிடும்; உங்கள் முறை வரும் முன் இரண்டு மூன்று நிமிடம் 2,500 ஆர்.பி.எம்.-இல் பிடித்து வைத்திருந்துவிட்டு உள்ளே எடுத்துச் செல்லுங்கள். அப்படி ஓட்டி வந்த காரைக் காய்ந்த புல் மேல் மட்டும் நிறுத்த வேண்டாம், அந்தச் சூட்டில் புல் பற்றிக்கொள்ளும்.